ஷா ஆலம் ரேட்

ஜூலை 14, திங்கள்
புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. ஹைவேயில் ஜாம், எட்டு நிமிடம் லேட்.

சுங்கை சிப்புட் கிளையிலிருந்து பரமேஸ்வரி அக்கா வந்திருக்கிறார். புது பேக்கிங் மெஷினை ஓட்ட இங்கே ஷா ஆலம் தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வாரம் சொல்லித்தருவார். அங்கே என் அம்மாவோடு ஒரே லைனில் நின்றவர். கன்னத்தைக் கிள்ளினார். "நம்ம ஊரு புள்ள எச்.ஆர்.ல இருக்கு, இனி எனக்கு என்ன கவல!" கூச்சமாக இருந்தது. பெருமையாகவும்தான்.

வாங்க: வெங்காயம், இருமல் மருந்து.

ஜூலை 16, புதன்
அக்கா நேராக ஆபீஸுக்கு. யாரோ பே ஸ்லிப்பைக் காட்டிவிட்டார்கள்.

"நேத்து சேர்ந்த புள்ளைக்கு என்னைவிட கூட சம்பளம். அதுக்கு மெஷின தொடவே நான்தான் சொல்லித் தரேன். எப்படிம்மா?"

"அங்க வாடகை கம்மி அக்கா. அதான்..."

"வாடகை கம்மி, சரி. போன் பில்லு, கார் டயரு, புள்ளைங்க ஸ்கூல் ஷூ எல்லாம் எனக்கு மட்டும் கம்மி வெலைக்கா குடுக்குறான்?"

உண்மைக் காரணம் தெரியும். இங்கே சம்பளம் பிடிக்காவிட்டால் எதிர் ரோட்டில் இன்னொரு தொழிற்சாலை. அக்கா வீட்டுப் பக்கம் எங்களை விட்டால் வேறு இல்லை. முதலாளிக்கும் அது தெரியும்.

இந்த இரண்டு வாரத்துக்காவது ஷா ஆலம் ரேட் கொடுக்கலாமா என்று மேனேஜர் என்னைத்தான் கேட்டார். 'வேலைக்கு எடுத்த இடம் சுங்கை சிப்புட். தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீ.

ஜூலை 17, வியாழன்
நான் மட்டும் எந்த ஊர்? பக்கத்து ஊர்க்காரி மாதிரி கிள்ளான் சின்னம்மா வீட்டு முகவரியை விண்ணப்பத்தில் போட்டு, இன்டர்வியூவுக்கு முதல் நாள் பஸ் ஏறி வந்தவள்; இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

ஜூலை 25, வெள்ளி
நல்ல மழை. அக்காவுக்கு இங்கே கடைசி நாள். கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி:

"அங்க வேலைய விட்டுட்டு இங்க புதுசா அப்ளை பண்ணப் போறேன். நீயும் அப்படித்தான் வந்தியாம், உங்கம்மா சொன்னிச்சு. உன் கிள்ளான் அட்ரஸ் மட்டும் குடு லா, போதும்."

அக்கா விண்ணப்பத்தில் என் முகவரியைப் பார்த்தால் மேனேஜர் கேட்பார். என் பழைய கதையும் வெளியே வரும். வேலை போகும். பயத்தில் வாய் தானாகச் சொன்னது:

"நாங்க அடுத்த மாசம் வீடு மாறுறோம் அக்கா. புது வீட்டு நம்பர் இன்னும் கைக்கு வரல."

எந்த வீடும் மாறவில்லை. அக்காவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"அட, புது வீடா! சொல்லவே இல்ல பாரு. பால் காய்ச்சுற அன்னைக்கு ஒரு போன் போடு, லீவு போட்டு வந்துருவேன்."