மொத்தத்தில் கூடிய 786

கல்லூரி மலரில் வந்திருப்பது தவறு. அந்த 786-ஐக் கண்டுபிடித்தது நான் இல்லை, நீங்கள். கண்டுபிடித்ததும் நான் வகுப்பே அதிரச் சிரித்தேனாம். அப்படிச் சிரிக்கக்கூடியவர் நம் துறையில் ஒருவர்தான் இருந்தார். திருத்தம் அனுப்பிவிட்டேன். ஆனாலும் மலரின் புது அச்சு வாசனை காலையிலிருந்து என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அதனால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஜெர்மன் கல்லூரியோடு சேர்ந்து நாம் நடத்திய வகுப்பு அது. நம் மாணவர் ஒருவர், அவர்கள் மாணவர் ஒருவர், இருவருக்கும் பொதுவாக ஒரு எக்செல் தாள். கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலையை அங்கே ஏற்றுமதி செய்வதாகத் திட்டம் போட வேண்டும். எக்செல் உங்கள் பொறுப்பு, அயல்நாட்டவரோடு வேலை செய்யும் முறை என் பொறுப்பு. கை குலுக்குவது, நேரம் தவறாமை என்று நான் நடத்துவதை வாசலில் நின்று கேட்பீர்கள்.

"எல்லாம் சரி மேடம். எக்செல் கட்டத்துல அவங்கவங்க என்ன போடுவாங்கன்னு யார் சொல்லித் தர்றது?"

கேலி என்றுதான் நினைத்தேன்.

நம் மாணவி பர்வீனின் தாளில் மொத்த எடை இடித்தது. ஜெர்மன் கல்லூரி ஆசிரியை, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் அந்தத் தாளை ஏற்க முடியாது என்று எழுதிவிட்டார். இரண்டு முறை கையால் கூட்டினேன். கணினி 786 கிலோ அதிகம் காட்டியது. தேரடி வீதியில் கடைக்குக் கடை பார்க்கும் எண்தான். கண் பழகிப்போனதால் எனக்கு உறைக்கவே இல்லை. கவனக்குறைவானவர்களுக்குக் கூட்டு வகுப்பில் இடமில்லை என்பது என் விதி. இன்றும் அது சரியான விதிதான். பர்வீனை நீக்குவதாக உங்களுக்குக் குறிப்பு அனுப்பி, அடியில் வழக்கம்போல் "எழுத்தில் பதில் தேவை" என்று சேர்த்தேன்.

வழக்கம்போல் நீங்கள் எழுதவில்லை. நேரே என் மேசைக்கு வந்தீர்கள்.

"பக்கத்து டேபிளுக்கு எதுக்கு மேடம் லெட்டர்? எடை எவ்ளோ ஜாஸ்தி?"

"786."

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "கீழயே பாத்துட்டு இருக்கீங்களே மேடம், கொஞ்சம் மேல பாருங்க."

தாளின் உச்சியில், நட்டநடுவில், 786. அது எடை வரிசையின் தலையில் உட்கார்ந்திருந்தது. அவளோடு சேர்ந்த ஜெர்மன் பையனோ அந்த வரிசை முழுவதையும் கூட்டச் சொல்லியிருந்தான். மேலே இருப்பது கோப்பு எண் என்று நினைத்தானாம்.

பர்வீன் கண் கலங்கி நின்றாள். "அது பிஸ்மில்லா நம்பர் மேடம், போடாம எப்படி ஆரம்பிக்கிறது?"

"யாரு போட வேணாம்னாங்க? நான்கூடத்தான் போடுவேன்" என்றீர்கள். "முன்னால ஒத்தை மேற்கோள் குறி ஒண்ணு தட்டிடு. கம்ப்யூட்டர் அதை எழுத்துன்னு நெனச்சுக்கும், கூட்டாது."

நான் ஆங்கிலத்தில் அழகாக எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தையும் அனுப்ப விடவில்லை. "அந்தப் பொண்ணே சொல்லட்டும் மேடம்." அன்று மாலை திரையில் பர்வீனே சொன்னாள். இன்னொருவன் தான் பிள்ளையார் சுழி போடுவதைச் சொன்னான். கான்வென்டில் நாங்கள் பக்கத்தின் மேல் சின்னச் சிலுவை போட்டதை நானும் சொன்னேன். ஜெர்மன் பையன் யோசித்துவிட்டு, தான் 'இறுதி வடிவம்' என்று எழுதித்தான் தொடங்குவதாகவும், அது ஒருநாளும் இறுதியாக இருந்ததில்லை என்றும் சொன்னான்.

"அதுவும் வேண்டுதல்தான் மேடம்" என்று என் காதில் சொன்னீர்கள். பர்வீனின் தாள் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டும் அந்தக் கல்லூரி நம்மோடு சேர்ந்தது. என் பாடத்தின் முதல் வகுப்பை நான் கை குலுக்கலில் தொடங்கவில்லை, எக்செல் தாளின் முதல் கட்டத்தில் தொடங்கினேன்.

இப்போது வேங்கிக்கால் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். பால் கணக்கு, மருந்து, மின்கட்டணம் எல்லாம் எக்செல்லில். இவர் இருந்தவரை, "வீட்டையும் ஆபீஸ் ஆக்கிட்டியா?" என்று சிரிப்பார். ஒவ்வொரு தாளிலும் முதல் வரிசையைக் காலியாக விட்டு, அதில் ஒத்தைக் குறி தட்டி 786 போடுகிறேன். என் வழக்கம் அது இல்லை, உங்களுடையது. மொத்தம் ஒருநாளும் இடித்ததில்லை.

என் குறிப்பு ஒன்றுக்குக்கூட நீங்கள் எழுத்தில் பதில் தந்ததில்லை. எழுந்து வந்துவிடுவீர்கள். இனி பக்கத்து மேசையும் இல்லை, அந்த வசதியும் இல்லை.

ஆகவே, மேடம், எழுத்தில் பதில் தேவை.