உதடு அசைந்ததாகப் புகார்

மார்ச் 4, செவ்வாய்

கல்லூரித் தேர்வு மையத்தில் இடம் பதிந்துவிட்டு வந்தேன். புள்ளியியல். மூன்றாவது தடவை, அதாவது கடைசித் தடவை. இதிலும் போனால் டிப்ளமாவே போச்சு. மறுபடி முதலிலிருந்து இரண்டு வருடம் படிக்க எனக்குத் தெம்பும் இல்லை, காலும் இல்லை.

கால்தான் விஷயமே. பதினெட்டு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நின்றுகொண்டே வேலை. கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கிறது. கருவிகளைச் சுத்தம் செய்து அனுப்பும் பிரிவில் மேற்பார்வை வேலை ஒன்று ஜூனில் காலியாகிறது. டிப்ளமா இருந்தால்தான் கொடுப்பார்களாம். அங்கே நாற்காலி உண்டு. ஒரு நாற்காலிக்காக நாற்பத்தொரு வயதில் கணக்குப் போடுகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

மார்ச் 6, வியாழன்

மகள் மாதிரி வினாத்தாள் வைத்துக் கேட்டாள். நீ சராசரி கண்டுபிடிக்கறதுக்குள்ள டீ ஆறிடும்மா என்றாள். ஆறித்தான் போயிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

போனைப் பெட்டியில் பூட்டினார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். இரண்டு மஞ்சள் தாள், ஒரு பென்சில், ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டர். கால்குலேட்டர் கிடையாது. அந்த ஏ.சி. அறைக் குளிரில் என் கால் விறைத்துப்போயிற்று. மேற்பார்வைக்கு அதே அம்மாள்தான் — வட்டக் கண்ணாடி, உடம்பு அசையாமல் கழுத்து மட்டும் திரும்பும். போன தடவையே ஆந்தை என்று பெயர் வைத்துவிட்டேன்.

நாலாவது கேள்வியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யார்கிட்ட பேசறீங்க?"

"யார்கிட்டயும் இல்ல மேடம். எண்ணிப் பாக்கறேன்."

மனசுக்குள் எண்ணச் சொன்னாள். சரி என்றேன். ஏழாவது கேள்வியில் மறுபடியும் வந்தாள். பதினொன்றில் வந்தபோது என் திரையையே அணைத்துவிட்டாள். பக்கத்துப் பையன் வேறு கையைத் தூக்கிப் புகார் செய்திருந்தானாம். ஒரு படிவம் நீட்டினாள். 'உதடு அசைந்தது. முணுமுணுப்பு. மூன்று எச்சரிக்கை.' கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

நான் என்ன வேண்டுமென்றா செய்தேன்? தியேட்டரில் நோயாளியின் வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் துணி, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ண வேண்டும். நர்ஸ் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அப்புறம்தான் டாக்டர் தையல் போடுவார். மனதுக்குள் எண்ணினால் எண்ணியதாகவே சேர்த்தியில்லை. பதினெட்டு வருடம்! அங்கே வாயைத் திறக்காவிட்டால் குற்றம், இங்கே திறந்தால் குற்றம். எந்த வாயை வைத்துக்கொண்டு நான் பிழைப்பது?

மார்ச் 12, புதன்

எப்படி எழுதினே என்று மகள் கேட்டாள். தலைவலி என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

மகளிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று பயந்தேன், சிரிக்கவில்லை. பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னாள். பத்துக் கணக்கில் ஏழு தப்பு. பென்சிலை எடுத்துவிட்டு வாய்விட்டுப் போட்டேன். இரண்டு தப்பு. அந்த இரண்டும் பெருக்கல். பெருக்கல் எனக்கு எப்போதுமே தகராறு.

மார்ச் 18, செவ்வாய்

விசாரணைக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் துறைத் தலைவர். ஓரத்தில் ஆந்தை, மடியில் கோப்போடு.

தனி அறை கேட்டேன். மருத்துவச் சான்றிதழ் இருக்கா என்றார் தலைவர். இல்லை என்றேன். என்ன நோய் என்றார். நோய் இல்ல சார், வேலை என்றேன். அவருக்குப் புரியவில்லை. எண்ணுவதைப் பற்றிச் சொன்னேன். துணி, ஊசி என்று எண்ணியே காட்டினேன். கேவலமாக இருந்தது, சின்னப் பிள்ளை மாதிரி.

அப்போதுதான் ஆந்தை வாயைத் திறந்தாள். "மூலையில ஒரு கண்ணாடி ரூம் இருக்கு சார். உடைஞ்ச நாற்காலியெல்லாம் போட்டு வச்சிருக்கோம். காலி பண்ணிடலாம். நான் பின்னாடி உக்காந்து இவங்க சொல்றத எல்லாம் எழுதிக்கறேன். கேள்விய வாசிக்கக் கூடாது, எண்ணிக்கலாம்."

புகார் கொடுத்ததும் அவள்தான், வழி சொன்னதும் அவள்தான். நன்றி சொல்வதா, முறைப்பதா? இரண்டும் செய்யாமல் வந்துவிட்டேன். தலைவர் ஒத்துக்கொண்டார்; 11-ம் தேதித் தேர்வு கணக்கில் வராது. ஏப்ரல் 2-ல் எழுதலாம். அதுதான் கடைசி.

மார்ச் 27, வியாழன்

இன்று மூன்று ஆபரேஷன். ஒன்பது மணி நேரம் நின்றேன். படிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கண்ணாடி அறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். ஆந்தை எனக்குப் பின்னால். நான் முணுமுணுக்க முணுமுணுக்க அவள் பேனா சரக் சரக்கென்று ஓடியது. நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. தியேட்டரில் நர்ஸ் கூட இருப்பது மாதிரி இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

பதினேழாவது கேள்வி, நாலு மதிப்பெண். "ஏழெட்டு ஐம்பத்துநாலு" என்று சொல்லி விடையைக் கூட்டித் திரையில் போட்டேன்.

பேனா நின்றுவிட்டது.

நான் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும்போது அது நின்றதே இல்லை. ஏன் நின்றது? மறுபடி சொல்லிப் பார்த்தேன். ஐம்பத்தாறு! விரல் தானாகக் கீபோர்டுக்குப் போய்விட்டது. ஒரு அழுத்து அழுத்தினால் திருத்திவிடலாம். ஆனால் அது யார் கண்டுபிடித்த தப்பு? நானாகக் கண்டுபிடித்திருந்தால் சரி. அவள் பேனாவை நிறுத்திக் காட்டிக்கொடுத்து நான் திருத்தினால் — முணுமுணுத்ததற்குப் படிவம் எழுதினார்களே, இதற்கு யார் எழுதுவது?

திருத்தவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் பேனா மறுபடி ஓடியது.

வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நாலு மதிப்பெண். கிறுக்குப் பிடித்தவள் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகளிடம் சொன்னேன். "உனக்கு நாற்காலி வேணுமா, வேணாமாம்மா?" என்று கேட்டாள். வேண்டும்தான். வீங்கின காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஐம்பது எடுத்தால் தேறலாம். ஐம்பத்தொன்று.

மதிப்பெண் தாளைத் தேர்வு மையத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வாய்விட்டுத்தான். ஆந்தை ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். தேறிட்டீங்களே என்றாள், சிரித்த மாதிரிகூட இருந்தது. கேட்காமல் வர எனக்கு மனம் வரவில்லை.

"அன்னைக்குப் பதினேழாவது கேள்வில பேனாவ நிறுத்தினீங்களே மேடம்?"

யோசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மை தீந்துபோச்சும்மா. பையில இன்னொண்ணு தேடி எடுத்தேன். ஏன், தொந்தரவா இருந்துச்சா?"

ஒன்றுமில்லை என்றேன். படியிறங்கும்போது பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு நாள் தூக்கம் போனது ஒரு தீர்ந்துபோன பேனாவுக்காக! சிரிப்போடு அழுகையும் வந்தது. அப்புறம் யோசித்தேன். அவள் எனக்கு எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஐம்பத்தொன்றும் என்னுடையது. தப்பான அந்த ஐம்பத்துநாலும் என்னுடையதுதான்.

பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போனேன். இரண்டு ஆபரேஷன்.

ஜூன் 2, திங்கள்

புது இடம், கருவிப் பிரிவு. எனக்குக் கீழே இரண்டு பெண்கள். இரண்டு பேரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வாய்விட்டு எண்ணுங்க என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் தள்ளுவண்டியில் ஏழு தட்டு, தட்டுக்கு எட்டுக் கத்தரி. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சத்தமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். என் நாற்காலிக்கு ஒரு கால் லேசாக ஆடுகிறது. ஆடட்டும்.