நாலாவது டிஸ்க்

மார்ச் 3, திங்கள்

காலையில் மின்சாரம் போய் வந்தது. அதிலிருந்து என் அறையில் இருக்கும் சனியன் எழவில்லை.

என் அறையாம், என் அறை! மகனும் மாப்பிள்ளையும் சேர்ந்து கட்டடப் பிளான் வரையும் ஆபீஸ் நடத்துகிறார்கள். அவர்களுடைய சர்வர் கம்ப்யூட்டருக்கு ஏசி வேண்டுமாம். ஏசி இருப்பது இங்கேதான். என் கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டு மேஜை போட்டுவிட்டார்கள். "அம்மாவுக்கும் குளுகுளுன்னு இருக்கும்" என்றான் மகன். யார் கேட்டது?

சர்வருக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்க் பெட்டி. நாலு டிஸ்க், ரொட்டித் துண்டு அடுக்கினாற்போல். வரைந்ததெல்லாம் அதற்குள்தான். பெட்டியின் வயரைச் செருகினால் சர்வர் பாதி எழுந்து சாகிறது. உருவினால் நல்ல பிள்ளையாய் எழுகிறது. நேற்று இரவுதான் மகளோடு வெளியூரிலிருந்து திரும்பிய மாப்பிள்ளை, கனைத்துக் கனைத்துச் செருகுவதும் உருவுவதுமாய் இருந்தார். முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்த அன்றும் இதே கனைப்புதான். என் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றார். அவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றின் பிளானை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அது பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. மகன் வாசலில் நின்று கத்தினான்.

"பழைய பெட்டி வாங்க வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலேன்னா பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு கிளம்புங்க மாப்ள."

"பெட்டி நல்லாத்தான் மச்சான் இருக்கு. நாங்க ஊருக்குப் போறவரைக்கும் ஓடுச்சில்ல?"

"அப்புறம் பேய் வந்து தொட்டுச்சா?"

சமையலறையில் மகள் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. அந்தக் கனைப்பு மனுஷன் தாராளமாகப் போகட்டும். ஆனால் தனியாகவா போவார்? அவளையும் இழுத்துக்கொண்டுதானே போவார். என் முழங்காலுக்கு எவள் தைலம் தேய்ப்பாள்?

மார்ச் 5, புதன்

வயரை மாற்றினார், செத்தது. பிளக்கை மாற்றினார், செத்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் உட்கார்ந்து தட்டினான், இப்போது இவர். என் பகல் தூக்கத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு கண்.

மார்ச் 6, வியாழன்

முதல் மூன்று டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "தனித்தனியா நல்லாத்தான் இருக்கு. ஒண்ணா வெச்சா சாகுது. பிளான் சர்வர் எழுந்தாத்தான் திறக்கும்."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மகள்.

நாலாவதை அவர் தொடவில்லை. அது காலி. பின்னால் இடம் போதாமல் போனால் உதவும் என்று வாங்கிப் போட்டது.

மகன் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொன்னான்: "சாமான் கட்ட அட்டைப்பெட்டி வேணும்னா ஆபீஸ்ல கிடக்கு, எடுத்துக்க."

கூடப்பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? கனைப்பிடம் சொல்லியிருந்தால் எனக்கு இனித்திருக்கும். அவளிடம் சொன்னது கசக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வேறு வழியில்லாமல் காலையில் நாலாவதையும் உருவினார். சர்வர் எழுந்துவிட்டது! பெட்டியோடு, மற்ற மூன்று டிஸ்க்கோடு.

உருவியதைத் திறந்து பார்த்தால் அது காலியே இல்லை. முதல் டிஸ்க்கில் இருக்கும் பிளான்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, அடையாள எண் உட்பட. ஒரே அடையாளத்தோடு இரண்டு வந்து நின்றால் எதைத் திறப்பது என்று தெரியாமல்தான் சர்வர் எழும்போதே விழுந்திருக்கிறது என்றார்.

"தன்னால காப்பி ஆயிருக்கும்" என்றான் மகன்.

"தன்னால ஆகாது மச்சான். யாரோ உக்காந்து பண்ணணும்." என் பக்கம் திரும்பினார். "அத்தை, நீங்க இங்கயேதானே இருக்கீங்க. நாங்க இல்லாதப்ப யாராச்சும் இதுல உக்காந்தாங்களா?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளை. அதுவும் இந்த மனுஷனுக்காகவா நான் சாட்சி சொல்ல வேண்டும்?

"அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்களைப் போய்க் கேட்டுக்கிட்டு" என்றான் மகன்.

என்ன தெரியுமா? எனக்கா? இவன் அப்பாவும் சாகும்வரை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீதான்டா உக்காந்த. ஞாயித்துக்கிழமை, சாப்பிட்ட கையோட வந்து. பச்சைச் சட்டை. போன்ல எவன்கிட்டயோ, 'மொத்தமும் நாலாவது டிஸ்க்ல காப்பி எடுத்துட்டேன், அடுத்த வாரம் உருவிட்டு வரேன், புது ஆபீஸ் சாவி எப்ப தருவ, மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்'னு சொன்ன. கிழவி தூங்குறான்னு நெனச்சியா? ஒரு கண்ணைத் திறந்துதான்டா வெச்சிருந்தேன்."

மகன் என்னைப் பார்த்த பார்வை... பார்க்கட்டும். தங்கைக்கு அட்டைப்பெட்டி எடுத்துக் கொடுக்கிறவன்!

பிளான் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. கனைப்பு என் கட்டிலருகே வந்து நின்று கனைத்தார்.

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

"தெரியும் அத்தை" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

மகன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவன் தாய்தான். யார் முதலில் களைக்கிறோம், பார்ப்போம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆபீஸைப் பிரித்தாயிற்று. மகள், மாப்பிள்ளையோடு நானும் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டே அறை, ஏசி கிடையாது. என் கட்டில் சன்னலோரம். மகள் காலையில் தைலம் தேய்த்துவிட்டுப் போனாள். அங்கிருந்து கிளம்பியபோது மகன் வாசல்வரைகூட வரவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

பெட்டி மாப்பிள்ளையின் பங்குக்கு வந்தது. இன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் வைத்தார்.

"வெளியே அவ்வளவு இடம் கிடக்கே. இங்க எதுக்கு?"

"உங்க கண்ணு முன்னாடி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி அத்தை."

மகள் கடைக்குப் போயிருந்தாள். அவரே காபி போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்றேன்.