பெடலில் தெரேசா

ஜனவரி 23, 2024

ஸஹாப்தீன் நானாவின் மிளகு லொறி விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்கிறது. கிளச் பெடல் தரையோடு கிடக்கிறது, கியர் விழவில்லை. கிளச் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வழக்கம்போல நான் சாக்கை விரித்து லொறிக்கு அடியில் போனேன், தெரேசா சீட்டில் ஏறினாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்தக் கராஜில் கிளச் குழாயில் எயார் எடுப்பது நாங்கள் இரண்டு பேரும்தான். "அமுக்கு" என்பேன். நாலைந்து தடவை அமுக்குவாள். "பிடி" என்பேன். பெடலைத் தரைவரை மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு "பிடிச்சிட்டேன்" என்பாள். அப்புறம்தான் நான் கீழ் சிலிண்டரின் நிப்பிளைத் திறப்பேன். எண்ணெயோடு காற்றும் குமிழ் குமிழாக டியூப் வழியே போத்தலுக்கு வரும். இறுக்கிவிட்டு "விடு" என்பேன். நான் இறுக்குவதற்கு முன்னால் அவள் கால் எழும்பினால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். ஒரு நாளும் எழும்பியதில்லை. பல்லேபொல பக்கத்தில் எந்த மெக்கானிக் பாஸுக்கும் இப்படி ஒரு கால் கிடையாது என்று நானே பெருமையடித்திருக்கிறேன்.

இன்றைக்கு என்ன சனியனோ, குமிழ் நிற்கவே இல்லை. பகல் சாப்பாடும் போய்விட்டது. ஒருவழியாகப் பெடல் எழும்பியதும் கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 25

லொறி திரும்பி வந்துவிட்டது. உக்குவளை ஏற்றத்தில் கியர் போட முடியாமல் நின்றுவிட்டதாம். எனக்கு மானம் போன மாதிரி.

கீழ் சிலிண்டரைக் கழற்றி வொஷர் எல்லாம் புதிதாகப் போட்டேன். மறுபடியும் அமுக்கு, பிடி, விடு. மறுபடியும் குமிழ். கத்திவிட்டேன். "ஒழுங்காப் பிடிச்சிருக்கியா இல்லியா?"

"பிடிச்சிட்டுத்தாங்க இருக்கேன். பெடல்தான் கட்டியா இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றேன். எழும்பி வந்து பார்த்தால் அவளுடைய இடது செருப்பு பெடலுக்குக் கீழே விழுந்து கிடக்கிறது. அதற்கும் திட்டினேன். செருப்பை அடியில் விட்டால் பெடல் எப்படி முழுதாக இறங்கும்? அவள் குனிந்து எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். சோறு போட்டுவிட்டு முகத்தைக் காட்டாமல் இருந்தாள். எனக்கும் வீறாப்பு, தின்றுவிட்டு எழும்பிப் போனேன்.

ஜனவரி 27

மாத்தளையிலிருந்து பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரே புதிதாக வாங்கி வந்து மாட்டினேன். தெரேசா வஹகோட்டைக் கோவிலுக்குப் போயிருந்தாள். நானாவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பிடித்தார். ஒரே தடவை. காற்று எல்லாம் போய் எண்ணெய் சுத்தமாக வந்தது. பெடல் கல்லு மாதிரி நிற்கிறது.

"பாஸ், ஒங்கட மேடத்தத்தான் மாத்தணும் போல!" என்று நானா சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னேரம் தெரேசா வந்ததும் பகிடியாக அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பழைய மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

ஜனவரி 30

முற்றத்தில் அவளுடைய இடது செருப்பு தனியாகக் கிடந்தது. அவள் அது கழன்றது தெரியாமல் கிணற்றடிவரை போயிருக்கிறாள்.

பெப்ரவரி 4

பூசை முடிந்து வந்ததும் எங்கள் பழைய காரைக் காட்டி, "கொஞ்சம் கிளச்சப் பிடிச்சுப் பாரு" என்றேன். அடியில் போவதுபோல் போய், சத்தம் போடாமல் கதவுப் பக்கம் வந்து நின்றேன். இத்தனை வருஷமாக அவள் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அவள் காலை நான் பார்த்ததே இல்லை.

கால் நடுங்குகிறது. அவள் இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பெடலைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. "பிடிச்சிட்டேன்!" என்று கீழே இருக்கிற எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறாள். சொல்லும்போதே கால் மெதுவாக எழும்புகிறது.

என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"எப்ப இருந்து?"

"நத்தார்ப் பண்டிகைக்கு முன்னமே."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஒங்களுக்கு யாருங்க பெடல் பிடிக்கிறது?"

ஐயோ. நான் எவ்வளவு திட்டினேன். கூடம் கோணல் என்று சொன்னேனே, என் வாய் அழுகாதா? பொம்பளை இரண்டு கையாலும் காலை அமத்திக்கொண்டு கிடந்திருக்கிறாள், நான் சிலிண்டர் வாங்க மாத்தளைக்கு ஓடியிருக்கிறேன், மண்ணாங்கட்டி மெக்கானிக்.

மார்ச் 19

கண்டி ஆஸ்பத்திரி. கொழும்பில் வேலை செய்யும் மகள் கெத்தரினும் லீவு போட்டு வந்திருந்தாள். டொக்டர் பொறுமையாகச் சிங்களத்தில் சொன்னார். காலில் பழுது இல்லையாம். காலுக்குச் சொல்லி அனுப்புகிற நரம்பு சாகிறதாம். கைக்கும் வரும், பிறகு பேச்சுக்கும் வரும்.

"மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லியா, சேர்?" என்று கேட்டேன். கெத்தரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 20

மருந்து இல்லையாம். இதை எழுதினால் மனதுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். உறைக்கவில்லை.

ஜூன் 13

அந்தோனியார் திருநாள். ஸஹாப்தீன் நானா தன்னுடைய வேனைக் கொண்டுவந்து எங்களை வஹகோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெரேசாவைத் தூக்கித்தான் இறக்கினோம். நானா கோவில் வாசலில் நின்று, "பாஸ், அன்னைக்கி நா வெளயாட்டாச் சொன்னது..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் கண்ணைத் துடைத்தார். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? சிரித்தது நானும்தானே.

தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிறவர் அந்தோனியார். சாவி தொலைந்தாலும் இவரிடம்தான் ஓடுவோம். இந்தக் காலின் பலத்தை மட்டும் ஏன் சுவாமி தேட மாட்டேன் என்கிறீர்? சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்தேன். தெரேசா கேட்டாள், "என்ன வேண்டிக்கிட்டீங்க?" வியாபாரம் நல்லா நடக்கணும் என்று சொன்னேன். நம்பவில்லை.

செப்டெம்பர் 8

கிளச் வேலை வந்தால் அலுவிகாரையில் இருக்கிற கராஜுக்குப் போகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு இப்போது கொஞ்சம் தடிக்கிறது, அப்படியும் ஏசினாள்.

"வந்த வேலைய ஏன் திருப்பி அனுப்புறீங்க? ஒரு கொய்யாக் கம்பு வெட்டி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல குடுங்க. மத்தவங்க எல்லாம் அப்படித்தானே செய்றாங்க?"

"எனக்குக் கம்பு வேணாம்."

"அப்ப கராஜ மூடுங்க. பேசாம என் பக்கத்துல ஒக்காந்து அழுங்க."

கோபமாகத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் கையைத் தூக்கி என் தலையில் வைக்கப் பார்த்தாள். பாதியில் விழுந்துவிட்டது.

செப்டெம்பர் 10

கம்பு வெட்டினேன்.

பெப்ரவரி 2, 2025

நானாவின் லொறி. போன வருஷம் மாற்றியதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, இந்த முறை குழாய் வெடித்திருக்கிறது. புதுக் குழாய் போட்டேன். எயார் எடுக்க வேண்டும்.

தெரேசா சக்கர நாற்காலியோடு கராஜுக்குள் வரவேண்டும் என்று கண்ணால் அடம்பிடித்தாள். லொறியின் கதவடியில் கொண்டுபோய் விட்டேன். நானே ஏறி அமுக்கினேன், தரைவரை மிதித்துக் கம்பைக் குறுக்கே கொடுத்தேன். அசையாமல் நின்றது. இறங்கி அடியில் போய்ப் படுத்து, ஸ்பெனரை நிப்பிளில் வைத்தேன். பழக்கதோஷம், "பிடி" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நாற்காலிச் சக்கரமும் அவளுடைய இரண்டு பாதமும் மட்டும் எனக்குத் தெரிகிறது. செருப்பு கழலாமல் நான்தான் வார் கட்டிவிட்டிருந்தேன்.

பிறகு மூச்சு இழுக்கிற சத்தம். "பி..." என்றாள். திரும்ப மூச்சு. "...டி..."

கம்பு எப்போதோ பிடித்துவிட்டது. நான் திறந்திருக்கலாம். அவள் சொல்லி முடிக்கும்வரை நிப்பிளைத் திறக்காமல் படுத்துக் கிடந்தேன்.