மூன்று துண்டு பிளேடு

கோயம்புத்தூர்
3.2.2002

அன்புள்ள சேவியருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடாதே. இங்கே நலம். உன் உடம்பு, ஜான்சியின் படிப்பு, உங்கள் புனே விஷ்ராந்த்வாடித் தண்ணீர்க் கஷ்டம், எல்லாம் அறிய ஆவல்.

ஓய்வு பெற்று மூன்று வருஷம். சும்மா இருக்க முடியவில்லை. கிரிஜா திட்டத் திட்ட ஒரு சின்ன லேத் வாங்கிவிட்டேன். மேஜைமேல் வைத்து ஓட்டலாம். புனே பாக்டரியில் நாம் ஷிப்டு மாற்றி ஓட்டிய மெஷினின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கிறது. அதோடு வந்த டூல் போஸ்ட்தான் சரியில்லை. ஒரே ஒரு டூலைப் பிடிக்கிறது, அதையும் ஆட்டத்தோடு. கடையில் இரண்டு காட்டுகிறார்கள். ஒன்று நம் பழைய மாதிரி, நாலு டூல் பிடிக்கும் சதுரக்கட்டை. இன்னொன்று க்விக் சேஞ்ச். டூலை ஹோல்டரோடு செருகிக் கழற்றலாம்.

லேத் இல்லாத தெரு இந்த ஊரில் இல்லை. ஆனால் கேட்டால் சிரிக்கிறார்கள். "பொம்ம மெஷினுக்கு எதுக்குங்க இத்தன ரோசன?" நீ சொன்னால்தான் எனக்கு மனசு ஒப்பும்.

இர்பான் எப்படி இருக்கிறான்? உன்னோடு பேசுகிறானா?

உன்
மௌலி


புனே
19.2.2002

அன்புள்ள மௌலி மாமாவுக்கு,

ஜான்சி எழுதுகிறேன். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. அவர் சொல்ல நான் எழுதுகிறேன். என் தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. சர்ச் பாட்டுப் புத்தகத்தை வைத்து அப்பா சொல்லிக்கொடுத்தது. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார். "மௌலி லேத் வாங்கிட்டான், பாரேன்" என்று பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். அந்த அம்மா "அச்சா, அச்சா" என்றார்.

நாலு டூல் கட்டையே வாங்குங்கள் என்கிறார். வாங்கும் முன், கட்டை உட்காரும் இடத்திலிருந்து சென்டர், அதாவது இரும்பு சுழலும் மையம், எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ள வேண்டுமாம்.

இர்பான் மாமா பேசுவதில்லை. ஆளந்தி ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அப்பா பஸ்ஸுக்குப் போகும்போது தினமும் கையைத் தூக்குவார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்போது தெரிவது கண்ணாடிக் கண் மட்டும்.

பதின்மூன்று வருஷம். டூல் அமுங்கி ஒடிந்தபோது மெஷின் அப்பாவின் கையில் இருந்தது. பறந்த துண்டு பக்கத்து மெஷினில் நின்ற இர்பான் மாமாவின் கண்ணில் பாய்ந்தது. டூலுக்கு அடியில் உயரத்துக்கு வைக்கும் பேக்கிங் தகடு குறையாக இருந்ததாம். வைத்தது அப்பா என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். லேத்தைப் பிடுங்கிக்கொண்டு, மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் அடித்தார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். கேட்டதால் எழுதினேன்.

ஜான்சி


கோயம்புத்தூர்
10.3.2002

அன்புள்ள ஜான்சிக்கு,

புனே கேம்ப் கடைவீதியில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். என் தலையெல்லாம் ஒழுகவிட்டாய். இப்போது எனக்கே கடிதம் எழுதுகிறாய். சந்தோஷம்.

அப்பா சொன்ன கட்டையையே வாங்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. டூலின் நுனி மட்டும் சென்டருக்கு இரண்டு மில்லி கீழே நிற்கிறது. பேக்கிங் வைத்தால் சரியாகிவிடும்.

இர்பான் விஷயம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்று ஷிப்டு முடிந்ததும் என் டூலையும் பேக்கிங்கையும் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிறகு வந்த உன் அப்பா தன்னுடையதை வைத்தார். விசாரணையில் இதைத்தான் சொன்னேன். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா, நீயே சொல். அப்பா மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அன்புடன்
மௌலி மாமா


புனே
24.3.2002

அன்புள்ள மாமாவுக்கு,

அப்பா மனசில் ஒன்றும் இல்லை. நிஜமாகவே இல்லை. அது எப்படி என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை.

இரண்டு மில்லிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? எத்தனை துண்டு? கட்டையின் முன்விளிம்பு வரை வருகிறதா? படம் வரைந்து அனுப்பினால் நல்லது.

ஈஸ்டர் வருகிறது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

ஜான்சி


கோயம்புத்தூர்
12.4.2002

அன்புள்ள சேவியருக்கு,

எழுத்து ஜான்சியுடையது, கேள்வி உன்னுடையது. சிரித்துவிட்டேன். இந்த வயதிலும் என் பேக்கிங்கை நோண்டாமல் உனக்குத் தூக்கம் வராதா?

வேறென்ன வைப்பேன்? இரும்பு அறுத்து ஒடிந்த ஹாக்சா பிளேடுதான். மூன்று துண்டு, ஒன்றின்மேல் ஒன்று. முன்விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். "இன்னாடா, அரையும் குறையுமா வைக்கிற" என்று நீ கத்துவது கேட்கிறது. முப்பது வருஷம் இப்படித்தான் வைத்தேன். அந்த ஒரு நாளைத் தவிர ஒன்றும் ஆனதில்லை.

கேட்டபடி படம் வைத்திருக்கிறேன். இது சரிப்படுமா, இல்லை க்விக் சேஞ்சுக்கே மாறிவிடட்டுமா? பார்த்துச் சொல்.

கிரிஜா உன்னை விசாரிக்கிறாள்.

உன்
மௌலி


புனே
2.5.2002

திரு. சந்திரமௌலி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் முதலில் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. சைக்கிள் கடைக்கு எடுத்துப்போனேன்.

இர்பான் மாமா தமிழ் படிப்பார். படித்தார். படத்தை நல்ல கண்ணான வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். விசாரணை மேஜையில் கிடந்த துண்டுகளை அவரும் பார்த்தவர். பிளேடுத் துண்டு மூன்று, விளிம்புக்கு ஒரு விரற்கடை குறைவு.

"அந்த ஒரு நாள்னு எழுதிக்கிறான். பேக்கிங்க எடுத்துனு பூட்டேன்னு சொன்னானே?"

"அப்படித்தான் சொன்னார், மாமா."

"நீ எதுக்கும்மா இத எங்கிட்ட கொண்டாந்தே?"

"நீங்க அப்பாவுக்குக் கை தூக்கணும்."

காலை பதினோரு மணிக்குக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்தார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இன்னா சேவியர். பதிமூணு வருஷமா கைய மட்டும் தூக்கினே. வாயத் தொறக்கலியே?"

"தொறந்தேன். ஆஸ்பத்திரில நீ மூஞ்சத் திருப்பிக்கினே. அப்புறம் யோசிச்சேன். அவன் வச்சதப் பார்க்காம ஓட்டினவன் நான்தானே, இர்பான்."

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு முறை டீ போட்டேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அப்பாவின் கை நடுங்கினால் அவர் கையும் சேர்ந்து ஆடியது.

அவர் போன பிறகு உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் லேத்தப் பத்திக் கேட்டான். நீ இன்னாடி பண்ணி வச்சிருக்கே?" மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நான் செய்தது இது. பிப்ரவரியிலேயே அப்பா க்விக் சேஞ்ச் வாங்கச் சொன்னார். அதில் பேக்கிங் தேவையில்லை. ஒரு திருகைத் திருப்பினால் உயரம் வந்துவிடும். நான் மாற்றி எழுதினேன். நீங்கள் மறுபடி உங்கள் கையால் பேக்கிங் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். வைத்துவிட்டு, அதைப் பற்றி எழுத வேண்டும். நீளத்தையும் படத்தையும் கேட்டவள் நான். அப்போது அப்பாவுக்குத் தெரியாது.

எனக்குள் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். அப்பா ஆணி அடிக்கிற சத்தம்தான் இருந்தது. வீட்டில் அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் இருந்தது.

நேற்று இர்பான் மாமா உங்கள் விலாசம் கேட்டார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ரயில் ஏறுகிறார். போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தெரியலம்மா. பார்க்கணும்."

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. கடிதம் உங்களுக்குச் செவ்வாய் அல்லது புதனில் கிடைத்துவிடும். கிரிஜா அத்தையிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொள்ள உங்களுக்கு நாள் இருக்கிறது.

அதுவரை அந்த லேத்தைத் தொடாதீர்கள். மூன்று துண்டையும் எடுத்துவிடுங்கள். அவர் வந்து நிற்கும்போது உங்கள் இரண்டு கண்ணும் அவரைப் பார்க்க வேண்டும்.

சேவியரின் மகள்
ஜான்சி