புகை மணக்காத பியர்

என் தங்கையைக் கட்டிய கூட்டாளி, அன்பு மாப்பிள்ளை சவரிக்கு,

தங்கை லூர்து நலம். ஆங் மோ கியோவில் உங்கள் வீட்டில்தான் நானும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். நீ பார்க்காத எம்ஆர்டி ரயில் இப்போது இங்கே ஓடுகிறது. முதல் நாள் முதல் ஆளாக ஏறியவன் நான்தான். டிரைவரே இறங்கி வந்து கை கொடுத்தார். நீ மறுத்துப் பேச முடியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

ஆனால் இன்றைக்குத் தைரியம் கொஞ்சம் குறைவு.

அந்த ஜெர்மன் கப்பல் மறுபடி நம் கப்பல் பழுது பார்க்கும் யார்டுக்கு வந்திருக்கிறது. அதன் சீஃப் இன்ஜினியரை மறந்திருக்க மாட்டாய். சிராங்கூன் ரோட்டுக் கோப்பிக் கடையில் நம் இருவருக்கும் கறுத்த பியரை ஊற்றிக் கொடுத்தாரே, அவர்தான். அவர் ஊரில் ஒரு குடும்பம் சின்னதாக நடத்தும் இடத்தில் காய்ச்சியது. பார்லியை விறகுப் புகையில் காய வைப்பார்களாம். அந்தப் புகை பியரிலேயே தங்கிவிடுமாம்.

நான் ஒரு வாய் குடித்தேன். கருவாடு சுட்ட அடுப்பு, ஈர விறகு, அதற்குப் பின்னால் லேசாகக் கருகிய வெல்லம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், அது எந்த மரத்து விறகு என்றே சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். ரோட்டில் பஸ்கூட நின்றது.

நீயோ மடமடவென்று குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தாய்.

"என்ன மச்சான், புகை புகைன்னு அலட்டிக்கிறீங்க? சாதா பியர்லா இது. கொஞ்சம் கசக்குது, அவ்ளோதான்."

"மாப்பிள்ளைக்கு இரும்பு நாக்குலா!" என்று நான் கத்தினேன். கடையே சிரித்தது. என் பங்கையும் உனக்கே ஊற்றினேன். அன்றைக்கு யாருக்காவது ஏதாவது தோன்றியதா? ஏன் தோன்றவில்லை?

சில மாதம் கழித்து, கப்பலின் அடித்தொட்டியில் நீங்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே காற்று ஊதும் காற்றாடி நின்றுபோனது. தின்னர் நெடி ஏற ஏற, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே ஓடி வந்தார்கள். நீயும் பின்னால் வருகிறாய் என்று நினைத்தார்கள். நீ கடைசி மூலையில் நிம்மதியாக அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். தூக்கி வந்தபோதும் பிரஷ் உன் கையில்தான் இருந்தது.

"ஒரு வருஷமாவே அவருக்கு ரசமும் மீன் குழம்பும் ஒண்ணுதாண்ணே" என்று லூர்து அழுதாள். அப்போதுதான் எனக்கு அந்த பியர் ஞாபகம் வந்தது.

அதிலிருந்து நான்தான் யார்டின் மூக்கு. போர்மேன் கையில் விஷவாயு அளக்கும் மீட்டர் உண்டு. ஆனாலும் தொட்டி வாயில் என்னைக் குனிய வைத்து, "இனாசி, ஓகே ஆ?" என்பான். நான் "ஓகே" என்றால்தான் பையன்கள் இறங்குவார்கள். என்னை ஜப்பான் யார்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். நான்தான் போகவில்லை.

இந்த முறை இன்ஜினியர் இரண்டு பாட்டில் கொண்டு வந்தார். ஒன்று உனக்கு. விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார்.

இன்று சாயங்காலம் உன் படத்துக்கு முன்னால் உன் பாட்டிலைத் திறந்தேன். ஒரு வாய் குடித்தேன். சில்லென்று இருந்தது, கசந்தது. புகைக்காகக் காத்திருந்தேன். இன்னொரு வாய். வரவில்லை. வெள்ளைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று நினைக்கும்போதே சமையலறையிலிருந்து லூர்து வந்தாள்.

"அடச்சே! என்னண்ணே இது, கருவாட்டுக் கடை தீப்புடிச்ச மாதிரி? ஜன்னலத் தொறங்க!"

"உனக்கு அடிக்குதா?"

அவள் என்னைப் பார்த்தாள். தம்ளரைப் பார்த்தாள்.

"நேத்து பருப்பு அடிபிடிச்சப்போ நீங்க பக்கத்துலயே பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க. வயசாகி உங்களுக்குப் பொறுமை வந்துடுச்சுன்னு நெனச்சேன்."

"சளி பிடிச்சிருக்கும்மா."

"அவரும் சளின்னுதான் சொன்னாரு."

அவள் போன பிறகு சூடத்தை முகர்ந்தேன். மண்ணெண்ணெயை முகர்ந்தேன். தண்ணீரை முகர்ந்ததுபோல இருந்தது, மாப்பிள்ளை. எப்போதிருந்து இப்படி? போன வாரம் நான் சொன்ன ஓகே எல்லாம் யார் சொன்னது? பையன்கள் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்களே, அது என் மூக்கா, அவர்கள் அதிர்ஷ்டமா?

நாளைக் காலை அந்த ஜெர்மன் கப்பலின் அடித்தொட்டிக்குப் பெயிண்ட். போர்மேன் என்னைத்தான் கேட்பான். யார்டே கேட்கும்படி, "எனக்குத் தெரியலை" என்று சொல்வேன். இத்தனை வருஷத்தில் என் வாயில் வராத வார்த்தை அது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மீட்டரை இறக்கிப் பார்த்து, காற்றாடி ஓடி, மேலே ஒருவனைக் காவலுக்கு நிறுத்தும்வரை தொட்டி வாயை விட்டு நகர மாட்டேன். என்னைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் எவனும் இறங்க வேண்டும்.

மேலே எழுதியதில் ரயில் டிரைவர், சல்யூட், ஜப்பான் எதையும் நீ நம்ப வேண்டாம். இதை மட்டும் நம்பு.

உன் லூர்துவின் அண்ணன்,
உன் மச்சான்
இனாசி