சுவரைத் தொடும் இடத்தில் நிற்கும் படம்

மார்ச் 3, செவ்வாய்

கூடத்தில் இருக்கும், வீடியோக்களைச் சேர்த்து வைத்து டிவிக்கு அனுப்பும் சேமிப்புப் பெட்டி பழுதாகவில்லை. சொன்னவர் கணினிக் கடை வைத்திருக்கும் மச்சான். கடையிலிருந்தபடியே இணையம் வழியாக அதன் உள்ளே புகுந்து பார்த்துவிட்டார். செய்தியாளன் பழக்கத்தில் சொன்னால், இரண்டாவது ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் அதிலுள்ள நீச்சல் வீடியோக்கள் படுக்கையறை டிவியில் ஓடாமல் நிற்கின்றன. அதுவும் பெண்கள் சுவரைத் தொட்டுத் திரும்பும் இடத்தில். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாவுக்கட்டுக் காலோடு படுத்திருக்கும் மனைவி ரிமோட்டை மெத்தையில் எறிகிறாள். ரிலே அணிக்கு நாலாவது பெண் யாரென்று பயிற்சியாளராக அவள்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மாலைக்குள் சொல்லாவிட்டால் துணைப் பயிற்சியாளர் சொல்லிவிடுவாராம். கிளப் செயலாளரின் ஏற்பாடு. "படுத்துக்கிட்டு எப்படிம்மா பாப்பீங்க?" என்று வேறு கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 4, புதன்

வைஃபை மேல்தான் சந்தேகம். பெட்டியிலிருந்து டிவி வரை கேபிள் இழுத்தேன். நிலையருகே காலில் சிக்கி விழப் பார்த்தேன்.

"ஒரு வீட்டுக்கு ஒரு நொண்டி போதுங்க," என்றாள் படுக்கையிலிருந்து.

படம் அதே இடத்தில் நின்றது. வைஃபை நிரபராதி.

மார்ச் 5, வியாழன்

உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் அறைக்குமாக நடக்கிறேன் — நடந்து என்ன ஆகப்போகிறது?

போன வருட வீடியோக்கள் தடையில்லாமல் ஓடுகின்றன. அவள் விழுந்த பிறகு எடுத்தவை மட்டும் நிற்கின்றன. ஒரே கேமரா. மச்சானை அழைத்தேன்.

"அத்தான், புதுசுல நீங்க ஏதாவது கை வச்சீங்களா?"

"நானா? ஒண்ணுமில்லையே. சப்டைட்டில் மட்டும் போட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

எந்தத் தடத்தில் யார், யார் முந்துகிறார், யார் பின்தங்குகிறார் என்று எல்லாப் பந்தயத்துக்கும் எழுதிச் சேர்த்திருந்தேன். படுத்திருப்பவளுக்கு உதவியாக இருக்கட்டுமே! அந்த எழுத்தைக் காட்ட டிவிக்குத் தெரியாதாம். அதனால் பெட்டியே எழுத்தைப் படத்தில் ஒட்டி, படம் முழுவதையும் புதிதாகச் செய்து அனுப்புகிறதாம். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் வேலை கூடி அதற்கு மூச்சு வாங்குகிறது.

"உங்க செய்திதான் அத்தான் அதைக் கொல்லுது. ஆஃப் பண்ணுங்க."

மார்ச் 6, வெள்ளி

ஓடுகிறது. ஒருமுறைகூட நிற்கவில்லை.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. "மூணாவது தடம் பிந்துது பாரு," என்றேன்.

"உங்க வாயையும் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்."

திரும்பும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். மற்றவர்களின் தலைகள் மேலே வந்துவிட்டன. மூன்றாம் தடத்தில் வெறும் தண்ணீர். சரியாக அங்கேதான் "பின்தங்குகிறார்" என்று எழுதியிருந்தேன். அடுத்த நொடி அந்தப் பெண்ணின் தலை எல்லோருக்கும் முன்னால் எழுந்தது.

"நீங்க மேல தெரியிறதை எழுதிட்டீங்க. அவ அடியில போயிட்டிருக்கா."

 

மார்ச் 7, சனி

மதியமே செயலாளரை அவளே அழைத்து மூன்றாம் தடத்துப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். "ஆமா, படுத்துக்கிட்டுதான் பாத்தேன். நல்லாவே தெரிஞ்சுது." பிறகு சாப்பாடு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

சப்டைட்டில்களை அழித்துவிட்டேன். செயலாளர் ஒப்புக்கொண்டாரா என்பது உறுதியாகவில்லை. அணிப் பட்டியல் திங்கள் காலை கிளப் பலகையில் ஒட்டப்படும். போய்ப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறாள். பலகையில் இருப்பதை மட்டும் சொன்னால் போதுமாம்.